அரை மணி நேர அவகாசம்

"அரை மணி நேரம் அவகாசம் வேணும், யுவர் ஆனர். கட்சிக்காரர்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

மடிக்கணினியில் எதிர்த்தரப்பு வக்கீல் நாகேஸ்வரனின் முகத்தைப் பார்த்த சுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்தா வாங்கியே ஆளை ஓயவைக்கிற மனிதர் என்று வஞ்சியூர் கோர்ட் முழுக்கப் பேச்சு.

கிழக்கேகோட்டையில் இட்லிக்கடை நடத்தும் உலகம்மைக்காக அவள் ஆஜராகியிருந்தாள். கட்டட உரிமையாளர் கடையைப் பூட்டக்கூடாது என்ற தடையுத்தரவு இன்றோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் நாளைக் காலை கடைக்குப் பூட்டு.

சுப்ரியாவுக்குப் பிரசவமாகி ஐம்பது நாள். ஆன்லைன் விசாரணை என்பதால்தான் ஸ்ரீவராகம் வீட்டிலேயே கவுன் மாட்டிக்கொண்டு உட்கார முடிந்தது. கேஸைக் கூப்பிட்ட நேரம் பார்த்து அடுத்த அறையில் குழந்தை அழ ஆரம்பித்திருந்தது. காதில் விழாததுபோல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷ சர்வீஸ். இன்னும் தயாராகாமதான் வருவீங்களா?" நீதிபதி கடிந்துகொண்டார்.

"மன்னிக்கணும், யுவர் ஆனர்."

"பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறேன். இனி அவகாசம் கிடையாது."

சுப்ரியா ஓடிப்போய்க் குழந்தையை எடுத்தாள். பால் குடித்து அது தூங்கியபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

பிறகு நாகேஸ்வரன் எள்ளளவும் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டடம் பழுது என்று கட்சிக்காரர் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தைத் தேதியோடு வாசித்தார். சுப்ரியாவும் விடவில்லை. கடைசியில் தடையுத்தரவு இரண்டு மாதத்துக்கு நீண்டது.

உலகம்மைக்கு போனில் சொன்னாள். "நல்லா இருப்பே மக்களே" என்று அந்த அம்மாள் அழுதாள்.

அப்படியும் சுப்ரியாவுக்குக் கோபம் தணியவில்லை. நாகேஸ்வரனைக் கூப்பிட்டாள்.

"சார், அந்தக் கடிதம் போன வாரத் தேதி. அதைக் கையில வச்சுக்கிட்டு, கட்சிக்காரர்கிட்ட கேக்கணும்னு எதுக்கு டைம் வாங்கினீங்க?"



"உங்க மைக் ஆன்ல இருந்தது, வக்கீலே. கோர்ட் ஹால் சத்தத்துல ஜட்ஜுக்குக் கேட்டிருக்காது. நான் ஹெட்போன் போட்டிருந்தேன்."

"அதுக்கு?"

"எனக்கு எதிர்த்தரப்பு நீங்களும் உலகம்மையும்தான். அழுத பிள்ளை இந்தக் கேஸ்ல பார்ட்டி இல்லியே."