மூன்று குவளைத் தண்ணீர்

குல்லாயைத் தலைகீழாகப் பிடித்து முதல் குவளைத் தண்ணீரை ஊற்றினேன்.

சில்வானோ எதிரே கைகட்டி நின்றான். பெரு நாட்டில், ஏரி நடுவே இருக்கும் எங்கள் தாகிலே தீவில் பெண் கேட்டு வருகிறவன், தானே பின்னிய குல்லாயைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுக்க வேண்டும். அதில் மூன்று குவளைத் தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு சொட்டு ஒழுகினாலும் பெண் கிடையாது.

ஒழுகும் என்றுதான் நம்பியிருந்தேன்.

பையன் ஐந்து வருடமாகத் தலைநகர் லிமாவில் கலைஞன். சைக்கிளே இல்லாத இந்தத் தீவில் நாங்கள் சைக்கிள் கம்பியை ஊசியாகத் தீட்டி, நெருக்கி நெருக்கிப் பின்னுகிறோம். அவன் அங்கே விளக்குமாற்றுக் கட்டை கனத்துக்கு ஊசி வைத்து, வீட்டு உயரத்துக்கு ஒரு குல்லாய் பின்னி, கண்காட்சிக் கூடத்தில் தொங்கவிட்டிருக்கிறான். கண்ணிகளுக்கு நடுவே ஆடு நுழைந்து வெளியே வரலாம். அதற்குத் 'தீவின் அடையாளம்' என்று பெயராம்.

"அந்த இடைவெளி ஏரி மூச்சு விடுற வழி, மாமா" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னான்.

"அப்ப ஏரியையே கட்டிக்கோ" என்றேன்.

எங்களுக்கு அடையாளம் ஒழுகக் கூடாது. தவிர, எல்விரா எனக்கு ஒரே பெண். இவன் தேறிவிட்டால் அவளும் லிமாவுக்குப் போய்விடுவாள்.

இரண்டாவது குவளை.

"பாத்து மச்சான், ஓட்டையில கை மாட்டிக்கப் போவுது!" என்று என் மனைவியின் அண்ணன் கத்தினான். கூட்டம் சிரித்தது.

மூன்றாவது குவளை.

சொட்டவில்லை.

பின்னல் தளர்வுதான், என் விரலுக்கே தெரிந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். தண்ணீரின் மேல் சின்னச் சின்னக் கண்களாக ஏதோ மினுங்கியது.

ஆட்டுக் கொழுப்பு. உருக்கி உள்பக்கம் தடவியிருக்கிறான்.

எல்விரா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"என்ன மாப்ள, பேச்சையே காணோம்? ஒழுகுதா, இல்லையா?" என்றார் என் மாமனார். எண்பது வயது. அந்தக் காலத்தில் என் குல்லாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர் அவர்தான்.

கொழுப்பு என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். இந்தத் தீவில் அது தெரிய ஒரே ஒரு வழிதான் உண்டு.

"ஒழுகலை மாமா. நல்ல பின்னல்" என்றேன்.

கூட்டம் கூவியது. சில்வானோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். சந்தோஷமோ, பயமோ.

பிசுபிசுத்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி அடுப்படிக்கு நழுவினேன். என் மனைவி பெத்ரோனா ஒரு சட்டியில் வெந்நீரோடு நின்றிருந்தாள்.

"இந்தாங்க. பச்சைத்தண்ணியில போகாது."

எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள் என் குல்லாயைத் துவைத்தவள் அவள்.