முப்பத்திரண்டாம் பக்கம்

திருகோணமலை நூலகக் கண்காட்சியில் முதற்பதிப்புக்கென்று ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குப் போட்டியாக ஒரே வைத்திய நூலின் இரண்டு பிரதிகள் வந்திருந்தன. முகப்பில் இரண்டிலும் ஒரே ஆண்டு.

"என்ர புத்தகத்தில ஒரு பிழை காட்டுங்கோ பாப்பம்!" சின்னராசா தன் தோல் அட்டைப் பிரதியைத் தடவினார்.

பஹ்மியா கொண்டுவந்த, அவள் தாயின் நைந்த பிரதியில் முப்பத்திரண்டாம் பக்கம் இரண்டு தடவை வந்தது. கடைசித் தாளில் பதினெட்டுப் பிழைகளின் பட்டியல் வேறு. பெட்டியில் உங்கட பெயர் வரும் என்று உம்மாவையும் கூட்டி வந்திருந்தாள்.

"பிள்ளை கட்டார் லைப்ரரியில தூசி தட்டுறவவாம்," சின்னராசா சிரித்தார்.

பஹ்மியா நூலகர் லோஜினியைப் பார்த்தாள். "மிஸ், இந்தப் பதினெட்டுப் பிழையில ஒண்டாவது ஐயாட புத்தகத்தில இருக்கா?"

"ஒண்டுமில்ல!" என்றார் சின்னராசா, மார்பை நிமிர்த்தி.

"அப்ப இந்தப் பட்டியலப் பாத்துத் திருத்தித்தான் உங்கடத பிறகு அடிச்சிருக்காங்க, ஐயா. முகப்பில ஆண்ட மட்டும் மாத்தல்ல."

லோஜினி இரண்டையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். பிறகு நைந்த பிரதியைப் பெட்டிக்குள் வைத்து, "உம்மாட முழுப் பேரைச் சொல்லுங்கோ," என்று பேனாவைத் திறந்தார்.

பஹ்மியா சின்னராசாவிடம் திரும்பினாள்.

"தூசி தட்டக்குள்ள கடைசித் தாளையும் பாக்கிறனான், ஐயா."