பகா எண்

இன்னாசிமுத்துவின் படத்தைப் பாடப்புத்தகத்தில் போட்டு, பகா எண்களை ஆராய்ந்த மேதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் ஜெயிலில் கிடந்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கூடக் கிடந்தவன் நான். எங்கள் கொட்டடியில் முப்பத்தொரு பேர். காலையில் வார்டர் எங்களைச் சம வரிசைகளாக நிற்கச் சொல்வான். ஒருநாள் இரண்டிரண்டு பேராக, ஒருநாள் மும்மூன்று பேராக, ஒருநாள் ஐவைந்து பேராக. இதில் எப்படி நின்றாலும் ஒருவன் மிஞ்சுவான். மிஞ்சியவனுக்கு லத்தியடி. நான் கால் ஊனம், கடைசியில்தான் வந்து சேர்வேன். அதனால் அடி எனக்கு.

ஒருநாள் இரவு இன்னாசிமுத்து புளியங்கொட்டைகளைத் தரையில் அடுக்கி அடுக்கிக் கலைத்தார். “இந்த எண்ணை எவனாலும் சமமாப் பிரிக்க முடியாதுடே,” என்றார்.

“பெருசா கண்டுபிடிச்சிட்டீரு அண்ணாச்சி. அடி வாங்குறது நான்லா.”

“ஒரே ஒரு மாதிரி நின்னா மிச்சம் வராது.” கொட்டைகளை நீளமாக ஒரே கோட்டில் வைத்தார். படித்தவர் பேச்சு என்று நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள், “அஞ்சஞ்சு பேரா நில்லுங்கலே,” என்றான் வார்டர். இன்னாசிமுத்து போய்ச் சுவரோரம் தனியாக நின்றார். அவர் பக்கத்தில் ஒருவன் நின்றான். அவன் பக்கத்தில் இன்னொருவன். முற்றத்தின் குறுக்கே ஒரே வரிசை நீண்டது. நான் நொண்டிக்கொண்டு வந்தபோது, நடுவில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள். நின்றேன்.

வார்டர் லத்தியோடு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். “எவம்லே மிச்சம்?” என்று கேட்டான்.

வரிசைக்கு வெளியே நின்ற ஒரே ஆளை நான் நேராகப் பார்த்தேன்.