தரையில் பூசிய தார்

"முதலாளி, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

மெக்கானிக் ஒச்சப்பன் ரப்பர் விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினான். துரு பொலபொலவென்று உதிர்ந்தது. காரின் தரை வழியே மட்டாஞ்சேரி ரோடு தெரிந்தது.

பழைய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். மிளகு வியாபாரி வெங்கிடாசலம் அதை விற்கப் போகிறார்.

"மொத்தத் தரையும் அறுத்துட்டுப் புதுத் தகடு வெல்டிங் வைக்கணும் முதலாளி. சீட்டே இதுலதான் நிக்குது."

"நானா ஓட்டப் போறேன்? மேல தகரத்தை ஒட்டு, தாரைப் பூசு, விரிப்பைப் போடு. வாங்கப் போற ஆலுவாக்காரன் விரிப்பைத் தூக்கியா பார்க்கப் போறான்?"

ஒச்சப்பன் தலையைச் சொறிந்தான். "சரி முதலாளி."

சாயா கொண்டுவந்த அவன் மனைவி வீரலட்சுமி பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டாள். வெங்கிடாசலம் போனதும் கேட்டாள்.

"ஓடுறப்ப தரை பிச்சுக்கிட்டா? உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

"தொழில்ல தலையிடாத."

அப்புறம் அவள் பட்டறைப் பக்கமே போகவில்லை. நாலு நாள் வீட்டில் பேச்சும் இல்லை, சாயாவும் இல்லை.

சனிக்கிழமை காலை ஆலுவாவிலிருந்து வைத்தீஸ்வரன் வண்டி எடுக்க வந்தார். கூடவே மனைவி கமலாக்ஷி. ஏழு மாசம்.

வீட்டு வாசலிலிருந்து அந்த வயிற்றைப் பார்த்ததும் வீரலட்சுமிக்குத் தாங்கவில்லை. வெங்கிடாசலம் காதுக்குப் போனால் புருஷன் பிழைப்பே போய்விடும். போகட்டும் என்று ஓடினாள்.

"சாரே, இந்த வண்டி வேண்டாம்! தரையெல்லாம் துரு. தார் பூசி மறைச்சிருக்கு!"

வைத்தீஸ்வரன் முகம் மாறியது. விரிப்பை இழுத்தார். கன்னங்கரேலென்று தார்.

"சேட்டா, என்ன இது?"

ஒச்சப்பன் சுத்தியலை நீட்டினான். "ஓங்கி அடிங்க சார்."

அடித்தார். கணீரென்றது. இன்னும் பலமாக அடித்தார். தார் பெயர்ந்து, அடியில் புத்தம்புதுத் தகடு பளபளத்தது. ஓரமெல்லாம் சுற்றி வெல்டிங்.

வீரலட்சுமி புருஷனைத் தனியே இழுத்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னா? இந்தா, இப்ப சொன்ன மாதிரி ஊருக்கே சொல்லியிருப்பே."

"அப்ப முதலாளிகிட்ட மட்டும் ஏன் தலையாட்டுனீங்க?"

"மாட்டேன்னு சொன்னா வேற பட்டறைக்குக் கொண்டு போவார் புள்ள. அங்க வெறும் தாரைத்தான் பூசியிருப்பாங்க."