மூன்று இட்லிக்காரர்

பட்டுக்கடைத் தோழிகள் மூவரும் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் முக்கிக்கொண்டிருந்தார்கள். கோதுமை, மைதா எதையும் தொடக்கூடாதென்று டாக்டர் சொல்லி இரண்டே மாதமான சுகாசினிக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“எனக்குக் கோதுமை ஆகாது, ரவா தோசை குடுங்க” என்றாள் சப்ளையரிடம்.

“வேணாம்மா, ரவையும் கோதுமைதான்” என்றார் பக்கத்து டேபிளில் மூன்று இட்லியோடு உட்கார்ந்திருந்தவர். “சாம்பாரும் வேணாம். இங்க போடற பெருங்காயத்துல மைதா இருக்குது. இட்லியும் தேங்காச் சட்னியும் சொல்லு.”

“உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?”

“பதினோரு வருஷமா எனக்கும் ஆகாதும்மா. ஒரு வாய் உள்ள போனாலும் மூணு நாளு படுக்கைதான்.”

ஊரில் தனக்கொரு துணை இருப்பதில் அவளுக்குத் தெம்பு வந்தது. “பரோட்டாவைப் பாத்தா ஆசையா இருக்காதா?”

“தினம் பாத்துக்கினுதானே இருக்கேன். பழகிடுச்சு.”

சப்ளையர் அவளுடைய தோழிகளைக் காட்டிக் குரல் கொடுத்தான்: “மாஸ்டர்! இங்க இன்னும் ஆறு பரோட்டா!”

இட்லிக்காரர் எழுந்து கை கழுவினார். மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு பரோட்டாக் கல்லுக்கு முன்னால் போய் நின்றார்.

சுகாசினி வாயைப் பிளந்தாள். “அப்ப ருசி எப்படிண்ணா பாப்பீங்க?”

“உன் சிநேகிதிங்க ரெண்டாவது தடவை கேக்கறாங்களே, அப்புறம் நான் வேற எதுக்கும்மா தின்னு பாக்கணும்?”