ஓசை வராத மணி

"மண்ணுல ஒரு மணி வேணும்க்கா. ஆனா அடிச்சா ஓசை வரக் கூடாது," என்றான் தெங்.

சூளைக்காரி ஷுன் பிசைந்த களிமண்ணோடு நிமிர்ந்தாள்.

பழைய சீனத்து யுவே நாட்டில் பெரிய மனிதர் இறந்தால், அவர் புழங்கின வெண்கலச் சாமான்களைப் போலவே மண்ணில் செய்து, பச்சை மெருகேற்றிச் சுட்டுக் குழியில் வைப்பார்கள். சோற்று அண்டா, மது ஜாடி எல்லாம் அப்படித்தான். ஆனால் ஷுனின் ஊரில் மணி மட்டும் வெண்கலம். போனவர் அங்கே அடித்து ஆளைக் கூப்பிட வேண்டாமா?

"உங்கப்பா மணி அடுத்த தெருவுக்கே கேக்குமே. அதையே வெச்சுடேன்!"

"அது வீட்டுல இருக்கட்டும்க்கா."

கூட வந்த சித்தப்பா குதித்தார். "பாத்தியாம்மா! எங்கண்ணன் சவப்பெட்டி இன்னும் கூடத்துலயே கிடக்கு. அதுக்குள்ள இவனுக்கு வெண்கலத்து மேல கண்ணு!"

"கழுத்துல கட்டிக்கிட்டு மாட்டோட மாடா மேயப் போறியாப்பா?" என்றாள் ஷுன்.

தெங்குக்குக் காது சிவந்தது.

"மண் மணியோட புறப்பட்டேன்னா, பெட்டி தூக்கப் பங்காளி ஒருத்தனும் வர மாட்டான். சொல்லிட்டேன்!" என்றார் சித்தப்பா.

அடக்கத்தன்று மணியை ஷுன் தானே எடுத்துப்போனாள். கஞ்சப் பிள்ளையின் முழியைப் பார்க்க வேண்டாமா?

வாசலில் பங்காளிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே 'டங்... டங்!'

"அடப்பாவி, துக்க வீட்டுல மணி அடிச்சு விளையாடறான் பாரு!" என்று ஷுன் நுழைந்தாள். பின்னாலேயே சித்தப்பா.

தெங்கின் அம்மா பாயில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. கையெட்டும் தூரத்தில் வெண்கல மணி தொங்கியது. அடுப்படியிலிருந்து தெங் கஞ்சியோடு ஓடி வந்தான்.

"கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அவர் அடிக்கிற இந்த மணிக்கு ஓடினேன்மா," என்றாள் கிழவி. "இப்ப நான் அடிக்கிறேன், இவன் ஓடறான். அப்பா பேரு கெட்டுடும்னு வெளியில மூச்சு விட மாட்டேங்கறான்."

சித்தப்பா யார் முகத்தையும் பார்க்காமல் போய்ப் பெட்டிக்கு முதல் ஆளாய்த் தோள் கொடுத்தார்.

ஷுன் மண் மணியை நீட்டினாள். கிழவி கட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

'தொப்.'

பல்லில்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. "நாளைக்கு நானும் அங்கதானே போகணும்? அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும்... எனக்குத்தான் கேக்கவே கேக்காதே!"