சத்தம் போடாத தோரணம்

கத்தரிக்கோல் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம்.

நீலத் தாளை மடித்து, மடிப்பின் மேல் ஈர விரலை ஒருமுறை இழுக்க வேண்டும். ஊறியதும் இரண்டு பக்கமும் பிடித்து மெல்லப் பிரித்தால் சத்தமில்லாமல் கிழியும். ஒரு மழைத்துளி தயார்.

ஓரமெல்லாம் பிசிறுதான். இருந்துவிட்டுப் போகட்டும், மழைத்துளியை யார் அளவெடுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

வகுப்பு ஜன்னலுக்கு மழைக்காலத் தோரணம் வேண்டுமாம், நாளைக்கே. நாளைக்கு வேண்டியதை இன்றைக்குத்தான் சொல்வது என்று ஊர் உலகத்து டீச்சர்கள் எல்லோரும் கூடித் தீர்மானம் போட்டிருப்பார்கள் போல.

பெரியவள் கிழித்தாள். சின்னவன் பசை தடவினான், பாதி தாளுக்கு, பாதி தன் முழங்காலுக்கு. அம்மாக்காரி மடித்துக் கொடுத்தாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை. விடிந்ததிலிருந்து படுக்கை விரிப்பாக மடித்துத் தள்ளிவிட்டு வந்திருக்கிறாள். இன்னொரு மடிப்பா என்று கை கும்பிடு போட்டது. முதுகைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

மூவரும் வாய் திறக்கவில்லை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்குகிறார்.

அவருக்கு ராத்திரி ஷிஃப்ட். தகரம் வெட்டுகிற மெஷின். போன வருஷம் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்த இன்னொருவர் ஒரு நொடி கண்ணயர்ந்தார், இரண்டு விரல் போயிற்று. பார்க்கப் போய்விட்டு வந்த அன்று இவள் சோறே சாப்பிடவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்காரர் தூக்கத்துக்கு இவள்தான் காவல்.

பிள்ளைகளையும் பழக்கிவிட்டாள். இருமல் வந்தால் சமையலறைக்கு ஓட வேண்டும். சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைக்க வேண்டும். அழுகைக்கும் அதே தலையணைதான். பிள்ளை வளர்க்கிறாளா, பூனை வளர்க்கிறாளா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கத்தான் செய்கிறாள். கேட்டுவிட்டுப் போகட்டும். விரல் போனால் அவளா வந்து ஒட்டவைப்பாள்?

துளிகளை நூலில் ஒட்டி முடித்ததும், தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்று சின்னவனுக்கு அரிப்பு. பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜாதி அவன். இவள் கொட்டாவி விட்டு நிமிர்வதற்குள் ஸ்டூலில் ஏறிவிட்டான்.

ஸ்டூல் சாய்ந்தது. கூடவே எவர்சில்வர் தண்ணீர்க் குடமும். வீடே அதிர்ந்தது. உருண்டு போன மூடி அடங்க ஒரு யுகம் ஆயிற்று.

பையனுக்கு அடிபடவில்லை. அது தெரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம். ஓங்கிய கையோடு, தொண்டைக்குள்ளேயே கத்தினாள்: பாவி, பாவி, அப்பா விரலோடடா விளையாடுற!

கதவு திறந்தது.

அவர் வந்து தரையில் உட்கார்ந்தார். திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார். விரல்களை இவள் பார்த்தாள். பார்ப்பது பழக்கம்.

“போய்ப் படுங்க. ராத்திரி மெஷின்ல நிக்கணும்ல” என்றாள் கெஞ்சலாக.

“நீங்க மூணு பேரும் பேசாம இருக்கிறதைக் கேட்டுக்கிட்டே எத்தனை நாள்தான் படுத்திருக்கிறது” என்றார். தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தூக்கம் வரல. ராத்திரியெல்லாம்தான் தூங்கிடுறேனே.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அசதியில் காதும் மந்தமாகிவிடும். ராத்திரி வேலைக்காரர் ராத்திரியில் தூங்குவாரா?

பிறகு முகத்தைப் பார்த்தாள். தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் முகமே இல்லை அது. கண் சிவக்கவில்லை, கன்னத்தில் தலையணை வரி இல்லை.

வேலையை விட்டு எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டாள். மழை ஆரம்பிப்பதற்கு முன்னாடியே என்றார்.

நேற்று ராத்திரி பேய் மழை. தெருவிளக்கெல்லாம் அணைந்து போயிற்று. இவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் இந்த மனுஷன் படியிறங்கினார். எந்தக் கடை வாசலில், எந்த பஸ் நிலையத்து பெஞ்சில் முடங்கிக் கிடந்தாரோ. கேள்வி வாய் வரை வந்தது. கேட்டால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது, கேட்கவில்லை. இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாரே என்று நெஞ்சு எரிந்தது. பத்து விரலும் இருக்கிறதே என்று அதே நெஞ்சு நிம்மதிப்படவும் செய்தது, வெட்கங்கெட்ட நெஞ்சு.

பெரியவள் அப்பாவின் முழங்கையைத் தொட்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்துக் காட்டினாள். பசையை எடுத்துக் கொடு என்று அர்த்தம். அந்த வீட்டில் அது தெரியாதவர் அவர் ஒருவர்தான். திருதிருவென்று விழித்தார்.

“வாயைத் திறந்து கேளுடி” என்றாள் அம்மா. “அப்பா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கார்.”

பெரியவள் ஒருமுறை கதவைப் பார்த்தாள், ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர் காதோடு வாயை வைத்து, மூச்சுக்காற்றைவிடவும் மெதுவாகக் கேட்டாள்.